தெருவைவிடத் தாழ்ந்த தோட்டம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், திருவள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக நான் போய்ச் சேர்ந்தபோது, என்னிடம் ஒரு தகரப் பெட்டியும், புது மனைவியும், ஒரு பூப்பந்து மட்டையும் இருந்தன. ரயிலில் வரும்போது மட்டையைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பெட்டியை அவள்தான் தூக்கினாள் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அது பொய். மட்டையைத் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். பெட்டி விஷயம் உண்மை.

பட்டணத்தில் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் ஒரு வலை, மஞ்சள் கம்பளிப் பந்து. சாயங்காலமானால் பட்டணத்தில் காலி மனை இருந்த இடத்திலெல்லாம் அந்தப் பந்து பறக்கும். பைத்தியம் இருந்த அளவுக்கு எனக்கு ஆட்டம் வரவில்லை. என் மட்டையில் பட்ட பந்துகளைவிட மூக்குக்கண்ணாடியில் பட்ட பந்துகளே அதிகம். ஆனால் புது ஊருக்குப் போகும்போது பழைய ஊரின் தோல்விகள் கூடவே வருவதில்லை. பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பட்டணத்தில் ஒரு குழுவுக்கு நான் முக்கியமான ஆட்டக்காரன் என்று எப்படியோ பேச்சு பரவிவிட்டது. எப்படியோ என்றால், நான்தான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் குடியிருந்தது ஒரு தெருவின் கடைசி வீடு. வீட்டுக்காரர் பழவேற்காட்டுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. கருவாடும் உலர்ந்த இறாலும் மொத்தமாக வாங்கி விற்பவர். எதிர்வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிட்டோம். நல்ல கனத்த உடம்பு. ஆனால் இளவயதில் ஊர்ப் பையன்களோடு கடற்கரை மணலில் பந்தாடிய கால்கள் அவருக்கு. அந்த விவரம் எனக்குத் தெரிந்த அன்று எங்கள் தெருவின் தலையெழுத்து மாறியது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவில், ஒரு பெரிய கல்யாணப் பந்தல் போடலாம்போல அகலம். எந்தக் காலத்திலோ செங்கல்லுக்கு மண் வெட்டிய குழி என்றார்கள். கோரைப் புல் மண்டிக் கிடக்கும். பின்தெருவில் பால் வியாபாரம் செய்த ஓர் அம்மாளின் எருமைகள் அதில்தான் படுத்துக் கிடக்கும். நாங்கள் குடிவந்ததோ சித்திரை மாதம். அதற்கு முந்தைய வருஷம் மழையும் சரியாகப் பெய்யவில்லையாம். பள்ளத்தின் அடி காய்ந்து, வெடித்து, தட்டையாக இருந்தது. ஊருக்கு நடுவில் அவ்வளவு பெரிய இடத்தில் ஏன் ஒருவரும் வீடு கட்டவில்லை என்று ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு அதன் நீளமும் அகலமும்தான் தோன்றின. காலால் அடிவைத்து அளந்து பார்த்தேன். சரியாக ஓர் ஆடுகளம்.

பாயிடம் போனேன்.

"பாய், பின்னால இருக்கிற பள்ளத்தைத் தூர்த்து மேடாக்கிட்டா அருமையான கோர்ட்டு போடலாம்."

"எது, எருமைக் குட்டையையா?"

"கொசு போயிடும். நாத்தம் போயிடும். தெருவே சுத்தமாயிடும்."

பாய் தாடியைத் தடவினார். "ஆடறதுக்கு ஆளு?"

"நீங்க இருக்கீங்க. நான் இருக்கேன். ஸ்கூல்ல நாலு வாத்தியாருங்க இருக்காங்க."

"நீங்க ஆடி நான் பாத்ததில்லியே வாத்தியாரே."

"இனிமே பாக்கப் போறீங்க" என்றேன். பார்த்தார் பாவம்.

சுகாதாரம் என்ற வார்த்தைக்கு அந்தக் காலத்தில் ஒரு மந்திர சக்தி உண்டு. நாடு புதிது, எல்லாவற்றையும் சீர்திருத்த வேண்டும் என்ற வேகம். நான் வீடு வீடாகப் போய்க் கொசுவின் பிறப்பு வளர்ப்பைப் பற்றிப் பேசினேன். கரும்பலகை மட்டும்தான் எடுத்துப் போகவில்லை. தெரு முழுவதும் ஒப்புக்கொண்டது. பால்கார அம்மாள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

"நீ குதிச்சி ஆடறதுக்கு என் எருமைங்க குளிக்காம நிக்கணுமா நைனா?"

"உங்க எருமைங்களுக்குத் தனியா ஒரு கல்தொட்டி கட்டித் தரோம்மா" என்றேன்.

அந்தத் தொட்டி கட்டப்படவேயில்லை. சொன்ன நிமிஷத்தில் கட்டிவிட்ட மாதிரியே ஒரு திருப்தி எனக்கு வந்துவிட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திருவள்ளூரில் நெல் அரைக்கும் மில்களுக்குக் குறைவில்லை. உமிச் சாம்பலை எங்கே கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கொட்டுங்கள் என்றேன். செங்கல் சூளைகளிலிருந்து உடைந்த கல் வந்தது. வண்டி வண்டியாக வந்து விழுந்த ஒவ்வொரு சுமைக்கும் நான் பக்கத்தில் நின்று குடை பிடித்துக்கொண்டு கையாட்டினேன். அதற்குமேல் கப்பிமண் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோடு போடுகிற கல் உருளையை மாடு கட்டி இழுத்து இறுக்கினோம். தெருவைவிட இரண்டு சாண் உயரம் வந்துவிட்டது. காலால் தட்டிப் பார்த்துப் பாயிடம் பெருமையாகச் சொன்னேன்: "பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள இறங்காது."

அது மட்டும் நான் சொன்னபடியே நடந்தது.

திறப்பு விழாவுக்குத் தலைமையாசிரியர் வந்தார். மாலை போட்டோம். பாய் வீட்டிலிருந்து எல்லோருக்கும் நாஷ்டாவும் டீயும் வந்தன. தலைமையாசிரியர் முதல் பந்தை அடித்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். அவர் தயக்கமாக அடித்தார். எதிர்ப்பக்கத்தில் முதல் ஆளாக நின்றிருந்த எனக்கு அந்தப் பந்து நேராக வந்தது. அதைவிட எளிதான பந்து என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஓங்கி வீசினேன். மட்டை காற்றைக் கிழித்தது, பந்து என் நெற்றியில் பட்டு வேட்டி மடிப்பில் உட்கார்ந்துகொண்டது. "பட்டணத்து அடி" என்று யாரோ சொன்னார்கள். அன்றோடு முக்கியமான ஆட்டக்காரன் என்ற பெயர் போனது. ஆனால் ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் நாங்கள் ராஜாக்கள் மாதிரி ஆடினோம். பாய் முன்வரிசையில் நின்று அடித்தால் பந்து தரையில் மஞ்சள் கறை வைக்கும். நான் பின்வரிசையில், பந்து வராத மூலையில் நிற்பேன். மூலையைத் தேர்ந்தெடுத்தது அணியின் ஒருமித்த முடிவு.

ஐப்பசி பிறந்ததும் வானம் கறுத்தது. ஒரு நாள் காலையிலிருந்தே அடைமழை. அன்றைக்குப் பள்ளியில் நான் நடத்திய பாடம், நீர் தன் மட்டத்தைத் தானே காணும் என்பது. கண்ணாடிக் குழாய்களில் கலர்த் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போவதை யாரும் தடுக்க முடியாது, தடுத்தால் அது பக்கத்தில் உள்ள அடுத்த பள்ளத்தைத் தேடும் என்று விளக்கினேன். நல்ல பாடம். சத்தியமாகச் சொல்கிறேன், பேசும்போது என் மனதில் கோர்ட்டின் நினைவே வரவில்லை.

மத்தியானம் பள்ளியை விட்டுவிட்டார்கள். தெரு முனையில் கணுக்கால் தண்ணீர். நடுத்தெருவில் முழங்கால். எங்கள் வீட்டு வாசலில் நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிய பிறகும் பிரயோசனமில்லை. அந்தத் தெரு முழுவதும் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் சாய்ந்திருந்தது. நூறு வீட்டுக் கூரையில் விழுந்த தண்ணீரெல்லாம் இத்தனை காலமாக எங்கள் கொல்லை ஓரமாக நழுவி அந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பள்ளம் இருந்த இடத்தில் இப்போது மேடு. அடுத்த பள்ளத்தைத் தேடி வந்த தண்ணீருக்கு என் வீடு அகப்பட்டது.

உள்ளே என் மனைவி கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அரிசிப் பானை, அடுப்பு, என் சட்டைகள். பூப்பந்து மட்டை மட்டும் தண்ணீரில் மிதந்து வாசற்படியை இடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் காட்டினாள்.

"ஏதாவது சொல்லேன்" என்றேன்.

"இன்னா சொல்றது. கொல்லைப் பக்கம் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். ஊரே தண்ணீரில் கிடக்க, என் ஆடுகளம் மட்டும் தீவு மாதிரி நிமிர்ந்து நின்றது. அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. பால்கார அம்மாளின் எருமைகள் எல்லாம் அங்கேதான் நின்றன. வலைக் கம்பத்தில் ஒரு கன்று கட்டியிருந்தது. ஆடுகள், கோழிகள், கடைசி நாலு வீட்டுப் பெண்கள், குழந்தைகள், பாய் வீட்டுக் கருவாட்டு மூட்டைகள் எல்லாம் அங்கே ஏறிவிட்டன. தென்னங்கீற்றுக் கொட்டகை ஒன்று எழுந்துகொண்டிருந்தது. பால்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா நைனா, வா. நல்ல எடமாத்தான் கட்டி வச்சிருக்கே. எருமைங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குது."

அடுத்த சில நாட்கள் என் வீட்டுச் சமையல் ஆடுகளத்தின் மையக்கோட்டில் நடந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்தவன் சும்மா இருப்பானா? மழை விட்ட இடைவெளியில் தெரு ஆட்களைத் திரட்டி, கோர்ட்டின் ஓரமாகப் பின்தெருப் பக்கம் ஒரு கால்வாய் வெட்டச் சொன்னேன். சரிவு கணக்கெல்லாம் கையால் காட்டினேன். கால்வாய் அற்புதமாக வேலை செய்தது. எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் பின்தெருவுக்குப் போனது. பின்தெருக்காரர்கள் வயல் வேலைக்குப் போகும் கூலி ஜனங்கள். வீடுகள் எங்கள் வீடுகளைவிடத் தாழ்வு, பாதி மண்சுவர். இது கால்வாய் வெட்டியபோது எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். என் கவனம் சரிவில் இருந்தது.

அவர்கள் திரண்டு வந்தார்கள். மண்வெட்டியோடு வந்தார்கள். முன்னால் பால்கார அம்மாள்.

"அன்னிக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சேன். இன்னிக்கு என் ஊட்டுக்குள்ள தண்ணி. கொட்டாய்ல இருந்த வைக்கோலு பூரா போச்சி. இன்னா நெனச்சிக்கினு இருக்கே நீ?"

நான் ஏதோ தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்தேன். அவர்கள் காதில் வாங்காமல் கால்வாயை அடைத்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் மறுபடி தோண்டப் போனார்கள். அடிதடி ஆகியிருக்கும். பாய்தான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் தண்ணீரில் போய் நின்றார். அவர் நின்றால் சுலபத்தில் தாண்டிப் போக முடியாது.

"யாரும் யாரையும் அடிக்கத் தேவையில்ல. அடிக்கணும்னா வாத்தியாரை அடிங்க. ரெண்டு தெருவும் சேந்து அடிங்க. ஒத்துமையாவாவது இருக்கும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிய, மார்பில் மட்டையை அணைத்துக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து யாருக்கும் அடிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. பின்தெருக் கிழவர் ஒருவர், "பாவம், பேஜாராயிட்டாரு" என்றார்.

மழை ஓய்ந்த பிறகு இரண்டு தெருவும் கூடிப் பேசிய இடம் அதே ஆடுகளம்தான், வேறு காய்ந்த இடமில்லை. கோர்ட்டை வெட்டி எடுத்துவிட்டுப் பழையபடி பள்ளமாக்க வேண்டும் என்று பாயே சொன்னார். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். பஞ்சாயத்து போர்டின் சுகாதார இன்ஸ்பெக்டர் கூட்டத்துக்கு வந்திருந்தார். கொசுக் குட்டை ஒழிந்தது என்று மேலதிகாரிகளிடம் ஏற்கெனவே நல்ல வார்த்தை சொல்லிவிட்டாராம். எல்லாம் நான் செய்த பிரசாரத்தின் பலன்.

"மறுபடி குட்டை வெட்ட நான் சம்மதிக்க முடியாது சார்" என்றார். "நீங்கதானே வந்து கொசுவைப் பத்தி அவ்வளவு நேரம் சொன்னீங்க?"

"அப்போ தண்ணி எங்கதான் போறது?" என்று பின்தெருவில் ஒரு குரல் கேட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். "குட்டைன்னா ஆட்சேபணை. தோட்டம்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார்.

"தோட்டம் பள்ளத்துல இருந்தா?" என்று பாய் கேட்டார்.

"தோட்டம் எவ்வளவு உசரத்துல இருக்கணும்னு எங்கேயும் சொல்லலியே."

அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் முடிந்தது. தெருவைவிடத் தாழ்ந்த தோட்டம். மழை வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், மழை விட்டால் செடி இருக்கும். இது பெரிய யோசனை என்று அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் மனம் நோகாமல் குட்டையைத் திரும்பப் பெற ஒரு வழி, அவ்வளவுதான். தோட்டத்துக்குக் காரியதரிசியாக என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். கை தட்டினார்கள். அது பதவி என்று நினைத்து நான் எழுந்து கும்பிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் அது தண்டனை என்று புரிந்தது.

தை மாதம் வெட்ட ஆரம்பித்தோம். இரண்டு தெருக்காரர்களும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். உருளை போட்டு இறுக்கிய தரையைக் கடப்பாரையால் உடைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் இறுக்கியிருக்கீங்க வாத்தியாரே" என்பார்கள். நானும் வெட்டினேன். உள்ளங்கை கொப்புளித்து, வகுப்பில் சாக்பீஸ் பிடிக்க முடியாமல் ஒரு வாரம் வாயாலேயே பாடம் நடத்தினேன். சாம்பலைப் பின்தெருக்காரர்கள் வாரிக்கொண்டு போய்த் தங்கள் வாசல்களை மேடாக்கிக்கொண்டார்கள். அடியில் கிடந்த உடைந்த செங்கல்லை மேலே தூக்க யாருக்கும் முதுகு இல்லை. அப்படியே பரப்பிவிட்டு, கொசத்தலை ஆற்று மணலை அதன்மேல் கொட்டி, அதற்குமேல் மண் போட்டு மூடினோம். தண்ணீர் சுலபமாக இறங்கட்டும் என்று செய்த ஏற்பாடு என்று பிற்காலத்தில் நான் நாலு பேரிடம் சொன்னதுண்டு. முதுகுவலிதான் உண்மையான காரணம். பள்ளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் பின்தெரு வீடுகளுக்குள் போகாமல், சுட்ட மண்குழாய் வழியாக அந்தப் பக்கத்து ஏரிக் கால்வாயில் விழும்படி செய்தோம். குழாய் வாயைப் பின்தெருக்காரர்களே வைத்தார்கள். என்னைக் கிட்டே விடவில்லை.

செடி வைப்பது மட்டும் என் பொறுப்பு. தோட்டம் என்றால் ரோஜா என்று எனக்கு ஓர் எண்ணம். பட்டணத்துக்குப் போய் ரோஜாக் கன்றுகளும் குரோட்டன்ஸ்களும் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பள்ளத்தின் நட்டநடுவில் வட்ட வட்டமாகப் பாத்தி கட்டி நட்டேன். பார்க்க அழகாக இருந்தது. வைகாசியில் ஒரு கோடை மழை. ஒரே சாயங்காலம். இரண்டு நாள் முழுகிக் கிடந்த ரோஜாக்கள் பொசுங்கின மாதிரி கறுத்துப் போயின. குரோட்டன்ஸ் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றன. பள்ளத்தில் தண்ணீர் நிற்பதற்காகத்தான் பள்ளம் வெட்டினோம் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை. ரோஜாவுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

அதன்பிறகு ஆளுக்கு ஒன்று நட்டார்கள். பாயின் மனைவி தன் வீட்டுக் கிணற்றோரத்தில் காடாக வளர்ந்திருந்த கல்வாழையைக் கிழங்கோடு பிடுங்கி அனுப்பினார். வீட்டில் இடம் அடைக்கிறது என்பதுதான் அவருக்குக் காரணம். என் மனைவி பெரியபாளையத்துக்காரி. பிறந்த வீட்டுக்குப் போய்வரும்போது ஒரு துணிமூட்டையில் சேப்பங்கிழங்கு கொண்டுவந்து ஈரம் அதிகமாக இருந்த மூலையில் புதைத்தாள். ஒரு முருங்கைப் போத்தும் நட்டாள். முருங்கை அழுகிப் போனது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், சொல்லக்கூடாது. சரிவுகள் சரியாமலிருக்க யாரோ வெட்டிவேர் கொண்டுவந்து வைத்தார்கள். கோரையை யாரும் நடவில்லை. நான் வேரோடு ஒழித்ததாகப் பெருமை பேசிய கோரை, தானாகவே திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

எருமைகளும் திரும்பி வந்தன. கல்வாழைக் குருத்து அவற்றுக்கு மிகவும் பிடித்தது. காரியதரிசி என்ற முறையில் நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு விரட்டப் போனேன். ஓர் எருமை திரும்பி என்னைப் பார்த்தது. குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போனேன்.

"எருமைங்களை உள்ள விடாதீங்கம்மா, தயவு பண்ணி."

"அதுங்க எங்க போவும்? தொட்டி கட்டித் தரேன்னியே?"

கடைசியில் பாய் நடுவில் இருந்து பேசி முடித்தார். எருமைகள் உள்ளே இறங்கக்கூடாது. கோரையும் புல்லும் வளர வளர அறுத்துக்கொள்ளும் உரிமை பால்கார அம்மாளுக்கு. எருமைகள் குளிக்க ஒரு தொட்டி, நான் முன்னின்று கட்ட வேண்டும். கட்டினேன். கொஞ்சம் கோணல். எருமைகள் கோணலைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. அவள் வாரத்துக்கு ஒருமுறை இறங்கிப் புல் அறுப்பதால் தோட்டமும் காடாகாமல் இருந்தது. காரியதரிசிக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் தோட்டம் பிழைத்தது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் புயல் மழை வந்தது. பூண்டி ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காலையில் விடிந்ததும் விடியாததுமாக நான் குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதைப் பிடித்தபடியே நின்று பார்த்தேன்.

தெருத் தண்ணீர் சலசலவென்று வந்து, வெட்டிவேர்ச் சரிவில் பல பக்கமாகப் பிரிந்து, சத்தம் அடங்கி உள்ளே இறங்கியது. பள்ளம் மெல்ல மெல்ல நிறைந்தது. கோரை படுத்துப் படுத்து எழுந்தது. கல்வாழைகள் கழுத்துவரை தண்ணீரில் நின்றன, சிவப்புப் பூ மட்டும் மேலே. சேம்பு இலைகள் மிதப்பது மாதிரி ஆடின. மத்தியானம் குழாய் வழியாக மிச்சத் தண்ணீர் கால்வாய்ப் பக்கம் போக ஆரம்பித்தபோது பின்தெருவில் சிலர் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. நான் அவர்களைப் பார்த்துக் கையாட்டினேன். பால்கார அம்மாளும் பதிலுக்குக் கையாட்டினாள். எனக்குக் கண் கலங்கியது. மழையில் நின்றிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் கணுக்கால் தண்ணீர்.

இரண்டு தெருவிலும் தண்ணீர் புகுந்த ஒரே வீடு எங்களுடையது. காரணம் ஒன்றும் பெரிதில்லை. ரோஜா ஆசை என்னை விடவில்லை. பள்ளத்தில் வைத்துச் செத்தது போக மிஞ்சிய இரண்டு கன்றுகளை, இனி முழுகவே கூடாது என்று, கொல்லை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு மண் மேடை கட்டி நட்டிருந்தேன். எங்கள் கூரைத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும் வழி சரியாக அதுதான். என் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். மழையில் இறங்கி அந்த மேடையை நாலு வெட்டில் இரண்டாகப் பிளந்தாள். தண்ணீர் வீட்டைவிட்டு மளமளவென்று வெளியேறியது. ரோஜாக்களும் கூடவே போயின.

"உள்ள வந்து காப்பி குடிங்க" என்றாள்.

மழை விட்டு ரெண்டொரு நாளில் பள்ளத்துத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. கொசு முட்டையிட்டுப் பொரிப்பதற்குள் அடி தெரிந்தது. தவளைகளும் தட்டான்களும் மட்டும் மிச்சம். இன்ஸ்பெக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வாய்ப்பேச்சுக்குச் சொன்ன தோட்டம் நிஜமாகவே தோட்டமாகி, குட்டை வேலையையும் செய்துவிட்டது. எங்கள் கிணறுகளில் அந்த வருஷக் கோடையில் எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. சேம்பு மட்டும் எல்லை மீறிப் போய்விட்டது. இரண்டு தெருவிலும் எந்த வீட்டுக்குப் போனாலும் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பு. பாய் வீட்டில் அதில் உலர்ந்த இறால் போட்டுச் செய்வார்கள், தெருவே மணக்கும். நான் சைவம் என்பதில் முதல்முறையாக வருத்தப்பட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் இன்ஸ்பெக்டர் ஜில்லா அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தார். வேறு தெருக்களிலும் இப்படிச் செய்யலாமா என்று பார்க்க வந்திருக்கிறார் என்றார்கள். எல்லோரும் என்னை முன்னால் தள்ளினார்கள், காரியதரிசி அல்லவா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நான் சரிவின் விளிம்பில் நின்றுகொண்டு, நீர் தன் மட்டத்தைத் தானே காணும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் எதன் வழியாக இறங்குகிறது என்று கேட்டார். இதோ இப்படி என்று ஒரு காலை முன்னால் வைத்துக் காட்டினேன். முந்தினநாள் மழையில் சரிவு வழவழவென்று இருந்தது. தண்ணீர் போகும் வழியிலேயே நான் போனேன்.

கல்வாழைகளுக்கு நடுவில், இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தேன். மேலே எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அடிபட்டுதா சார்?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். அடியில மணல்தான். மெத்துன்னு இருக்குது."

"அப்படியா, மணல் போட்டிருக்கீங்களா?" என்று அவர் உற்சாகமாகிவிட்டார். "அதுக்குக் கீழ?"

நான் அங்கே உட்கார்ந்தபடியே செங்கல்லைப் பற்றியும் குழாயைப் பற்றியும் விளக்கினேன். அவர் குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். என் ஆசிரியர் வாழ்க்கையில் அவ்வளவு கவனமான மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை. பாடம் முடிந்த பிறகுதான் பாயும் பால்கார அம்மாளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை மேலே இழுத்தார்கள். வேட்டி வழியில் கொஞ்சம் தங்கிவிட்டது. பாய் தன் தோள் துண்டைக் கொடுத்தார்.

அதற்கடுத்த தை மாதம், கடைவீதிக்குப் பின்னால் இருந்த இரண்டு தெருக்காரர்கள் தங்கள் பக்கத்திலும் ஒரு பள்ளத்தை வெட்டினார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து கல்வாழைக் கிழங்கும் வெட்டிவேரும் சாக்கில் கட்டி எடுத்துப் போனார்கள். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய், தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். அவர்கள் நன்றாகத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.